ஊர் தேடிப் போகிறவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

தாத்தா பாட்டி பிறந்த ஊரைப் பார்க்கத் தமிழ்நாடு போவது பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் தாத்தா 1920களில் கங்காணியோடு கப்பலேறி வந்தவர். 'திருச்சி ஜில்லா, துறையூர் பக்கம்' என்று அப்பா சொல்லிக் கேட்டதோடு சரி. ஊர்ப் பெயர் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
– ஓய்வு பெற்ற தண்டல், சுங்கை சிப்புட்

பதில்: டிக்கெட் எடுப்பதைத் தள்ளி வையுங்கள், ஐயா. முதல் வேலை இங்கேதான் இருக்கிறது. உங்கள் அத்தைமார், சித்தப்பாமார், தாத்தாவோடு ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்களின் பெரியவர்கள் என்று எண்பதை நெருங்கியவர்கள் யாரெல்லாம் இருக்கிறார்களோ, அவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள்.

'ஊர் எது?' என்று கேட்டால் பெரும்பாலும் 'தெரியலப்பா' என்றுதான் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். குலதெய்வம் எது? கோயில் ஆற்றங்கரையிலா, மலையடிவாரத்திலா, ஏரிக்கரையிலா? எந்த ஊர்ச் சந்தைக்குப் போவார்கள், அது எந்தக் கிழமை? பாட்டியை எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள்? கப்பலுக்குப் புறப்பட்டபோது எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள்? நாகப்பட்டினத்திலா, சென்னையிலா கப்பலேறினார்கள்? கங்காணி யார், அவர் எந்த ஊர்? கடைசிக் கேள்வி மிக முக்கியம். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும்தான் ஆள் சேர்த்தார்கள். அதனால் அதே கங்காணியிடம் வந்த இன்னொரு குடும்பத்துக்கு ஊர் தெரிந்திருந்தால், உங்கள் ஊர் அதற்கு நடைதூரத்தில் இருக்க வாய்ப்பு உண்டு.

குலதெய்வத்தை முதலில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்களும் குலதெய்வக் கோயிலுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது வருவார்கள். ஒரே தெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகளின் வகையறாக்களைப் பூசாரி அறிவார். ஆனால் 'கருப்புசாமி' என்று மட்டும் தெரிந்தால் போதாது. சங்கிலிக் கருப்பா, பதினெட்டாம்படிக் கருப்பா, முன்னோடிக் கருப்பா? கூட இருக்கும் பெண் தெய்வம் எது? சைவப் படையலா, கிடா வெட்டா? இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஊர்க்காரர்கள் 'அது இந்தக் கோயிலாச்சே' என்பார்கள்.

அடுத்து, பெட்டியில் கிடக்கும் காகிதங்கள். ஊரிலிருந்து வந்த நீல நிற ஏரோகிராம் கடிதம், மணியார்டர் ரசீது, பழைய பாஸ்போர்ட், 'ரஜுலா' கப்பல் டிக்கெட், எதையும் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தில் எழுதியவர் ஊரைச் சொல்லாவிட்டாலும் தபால் முத்திரை சொல்லும். அது அஞ்சலகத்தின் பெயர். உங்கள் ஊர் அதன் கீழ் வரும் நாலைந்து சிற்றூர்களில் ஒன்றாக இருக்கும். இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. அதற்குப் பிந்தைய கடிதமானால் ஆறு எண்கள் இருக்கும். 620, 621 என்று தொடங்கினால் திருச்சி வட்டாரம். 613 தஞ்சாவூர், 622 புதுக்கோட்டை, 630 சிவகங்கை, 636 சேலம், 637 நாமக்கல்.

மாவட்டப் பெயரை அப்படியே நம்பிப் போவதில்தான் பலர் தவறுகிறார்கள். தாத்தா சொன்ன 'திருச்சி ஜில்லா' இன்றைய திருச்சி மாவட்டத்தை விட மிகவும் பெரியது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. 1995இல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன, பின்னர் பெரம்பலூரிலிருந்து அரியலூர். பழைய தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினம், 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. தென்னார்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டானது. பழைய இராமநாதபுரம் 1985இல் மூன்றாகி, சிவகங்கையும் விருதுநகரும் பிறந்தன. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரி, 1997இல் நாமக்கல். 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்று எழுதிய தாள் கிடைத்தால் குழம்ப வேண்டாம். 1948 வரை அது தனி மன்னராட்சிப் பகுதி.

பிறகு எழுத்துக்கூட்டல். நம் பத்திரங்களில் பெயரை எழுதியவர் தோட்டத்துக் கிராணியோ பதிவு அலுவலகத்து எழுத்தரோ. காதில் விழுந்தபடி எழுதினார். ரோமன் எழுத்தில் 'லெட்சுமி', 'சின்னையா', 'வெள்ளசாமி' என்று பலவிதமாக இருக்கும். ஊர்ப் பெயரும் அப்படியே: 'டிரிச்சினாப்போலி', 'நெகபட்டாம்', 'டாஞ்சூர்', 'ராம்நாட்'. பெயரை வாய்விட்டுப் படித்து, தமிழ் ஊர்ப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் பட்டா பார்க்கும் இணையப் பக்கத்தில் மாவட்டம், வட்டம் என்று தேர்ந்தெடுத்தால் அங்குள்ள வருவாய்க் கிராமங்கள் எல்லாம் வரிசையாக வரும். உங்கள் ஊர் அதில் இல்லையென்றால் சோர்ந்துவிடாதீர்கள். குக்கிராமங்கள் தாய்க் கிராமத்தின் பெயரில் அடங்கிவிடும். அந்த வட்டத்து ஊராட்சிகளின் சிற்றூர்ப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

பிஜி, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போன்ற இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஊர், தகப்பன் பெயர், அங்க அடையாளம் எழுதிய தனிநபர்ப் பதிவுகள் இருக்கின்றன. கங்காணி வழியாக மலாயா வந்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கும் என்று நம்பி ஆவணக் காப்பகத்தில் நாட்களைச் செலவழிக்க வேண்டாம். நமக்கு வாய்மொழியும் வீட்டுக் காகிதமும்தான் ஆதாரம். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் கடிதப் போக்குவரத்தே நின்றுபோனது. பல குடும்பங்களில் தொடர்பு அறுந்தது அப்போதுதான். ஊரில் உள்ளவர்கள் 'அவரு சயாம் ரயில் (ஜப்பான்காரன் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்ட மரண ரயில்பாதை) போட்டப்பவே போயிட்டாரு' என்று நினைத்துக் காரியமே செய்து முடித்திருக்கலாம். அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஊர் எது என்று கண்டுபிடித்துவிட்டோம். அங்கே யாரையும் தெரியாது. போய் இறங்கி யாரிடம் கேட்பது? நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்களோ?
– தமிழ்ப்பள்ளி முன்னாள் ஆசிரியை, கோலக்கங்சார்

பதில்: நினைப்பார்கள், அம்மா. அதனால் அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

போகும் நேரம் காலை 7 முதல் 9 மணி, அல்லது மாலை 5 மணிக்கு மேல். நடுப்பகலில் ஆட்கள் வயலிலோ, நூறு நாள் வேலை என்று சொல்லும் அரசுத் திட்டப் பணியிலோ இருப்பார்கள். வீட்டில் இருக்கும் சிறுசுகளுக்கு ஒன்றும் தெரியாது. டீக்கடை, கிளை அஞ்சலகம், கோயில் பூசாரி என்ற வரிசையில் விசாரியுங்கள். பலர் நேராகக் கிராம நிர்வாக அலுவலரிடம் போகிறார்கள். அவர் அரசு தேர்வு செய்து அனுப்பிய அலுவலர், மாறுதலில் வந்து போகிறவர். பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த்தலைவர்) பதவிகளை 1980இல் ஒழித்த பிறகு வந்த பதவி அது. அவரிடம் நிலப் பதிவேடு இருக்கும், யார் யாருக்கு என்ன முறை என்ற கணக்கு இருக்காது. பழைய கர்ணம் வீட்டுப் பெரியவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரிடம் அது இருக்கும். மேலும், நீங்கள் அரசு அலுவலகத்தில் நுழைந்த செய்தி உங்களுக்கு முன்னால் உறவினர் வீட்டுக்குப் போய்விடும். நிலத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவாகிவிடும்.

கையில் ஒரே ஒரு தாள் போதும். அதில் தமிழில், பெரிய எழுத்தில்: தாத்தாவின் பெயர், கூப்பிட்ட பெயர், அவருடைய தகப்பனார் பெயர், கூடப்பிறந்தவர்கள், குலதெய்வம், ஊரை விட்ட ஆண்டு உத்தேசமாக. தாத்தாவின் படத்தை முழுத் தாள் அளவுக்குப் பெரிதாக்கி எடுத்துப் போங்கள். பெரியவர்களுக்குக் கைப்பேசித் திரையில் முகம் பிடிபடாது.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே வகையறாவில் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வரும். 'முத்துக்கருப்பன் மகன் வீரப்பன்' என்று கேட்டால் மூன்று பேர் கிடைப்பார்கள். எனவே பெயர் ஒத்துப்போனதும் உறவு என்று தழுவிக்கொள்ள வேண்டாம். நீங்கள் அறிந்த இரண்டு விவரங்களைச் சொல்லாமல் வைத்திருங்கள்: தாத்தாவின் தங்கை பெயர், பாட்டி பிறந்த ஊர் என்று ஏதாவது. எதிரில் இருப்பவர் தானாகச் சொல்கிறாரா பாருங்கள். கிராமத்தில் வந்தவர் மனம் நோகக் கூடாது என்று 'ஆமாம், நம்ம ஆளுதான்' என்று சொல்லும் நல்ல மனம் உள்ளவர்கள் நிறைய. பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆனால் நீங்கள் தவறான வீட்டில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

'நீங்க எந்த ஆளுங்க?' என்று கேட்பார்கள். இங்கே தோட்டத்தில் அடுத்தடுத்த லயங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். அங்கே தெருக்கள் இன்னும் சாதிவாரியாகவே இருக்கின்றன; கேட்பவர் உங்களை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார். சாதிப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. குலதெய்வத்தின் பெயரைச் சொல்லுங்கள், வழி காட்டிவிடுவார்கள். உங்கள் முன்னோர் சேரித் தெருவிலிருந்து புறப்பட்டவர்கள் என்றால், அந்தத் தெருவிலேயே நேராகப் போய் இறங்குங்கள். ஊர்த்தெருவில் விசாரித்து நேரத்தைப் போக்க வேண்டாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் பேச்சிலேயே தெளிவாக்குங்கள்: 'தாத்தா மண்ணைப் பார்க்கணும், சொந்தத்தைப் பார்க்கணும், சாமி கும்பிடணும். வேற எதுக்கும் வரல.' பிறகு அந்தச் சொல்லுக்கு ஏற்ப நடக்க வேண்டும். 'இந்த வீடு யார் பேர்ல இருக்கு?', 'தாத்தாவுக்கு எவ்வளவு நிலம் இருந்துச்சு?' என்று கேட்காதீர்கள். வீட்டையும் வயலையும் நாலு மூலையிலிருந்தும் படம் எடுக்காதீர்கள். உண்மையிலேயே சொத்துப் பேச்சு இருந்தால் அது வக்கீலோடு வேறொரு பயணத்தில். உறவு தேடும் பயணத்தோடு அதைக் கலந்தால் இரண்டும் கெடும்.

கேள்வி: எத்தனை வீடுகளுக்கு என்ன கொண்டுபோவது? பணம் கொடுக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஒரு வீட்டில் சேலையும் அடுத்த வீட்டில் பிஸ்கட் பொட்டலமும் கொடுத்தால் அந்த வருத்தம் பத்து வருஷம் ஓடும். பங்காளி வீடுகள் எத்தனை என்பதை முன்கூட்டியே போனில் கேட்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவான பை தயார் செய்யுங்கள்: ஒரு கோடாலித் தைலம், ஒரு மைலோ பாக்கெட், பிள்ளைகளுக்கு மிட்டாய். எதிர்பாராமல் முளைக்கும் வீடுகளுக்காக நாலைந்து பை கூடுதலாக இருக்கட்டும். தைலக் குப்பிகளைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள். பழம், பூ, வெற்றிலை பாக்கு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மூத்த தம்பதிக்கு மட்டும் வேட்டி சேலை வைத்து விழுந்து கும்பிடுவது யாருக்கும் மனத்தாங்கல் தராது. வயதுக்குச் செய்யும் மரியாதை அது.

பணம் கொடுப்பதானால் பெரியவர்கள் கையில், உறையில் வைத்து, 501, 1001 என்று ஒரு ரூபாய் சேர்த்து, ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் கொடுங்கள். வந்த அன்றே கொடுத்தால் அடுத்த நாளிலிருந்து பேச்சு பணத்தைச் சுற்றியே போகும்.

முதலில் போக வேண்டியது மூத்த வகையறாவின் வீடு. சாப்பாட்டையும் முன்பே பகிர்ந்துவிடுங்கள்: ஒரு வீட்டில் காலைப் பலகாரம், இன்னொரு வீட்டில் மதியச் சோறு, மற்ற வீடுகளில் காப்பி. சர்க்கரை நோய் இருப்பவர்கள் முதல் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். ஆறு வீட்டில் ஆறு டம்ளர் இனிப்புக் காப்பி குடித்துவிட்டு ராத்திரி மருத்துவமனை தேடுவது அடிக்கடி நடக்கிறது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அந்த வீட்டில் சமீபத்தில் யாராவது தவறியிருந்தால், நீங்கள் முதல் தடவை போவது துக்கம் விசாரிப்பதாகத்தான் ஆகும். இனிப்பு, பூ, குங்குமம் கொண்டுபோகக் கூடாது. எழுந்து வரும்போது 'போயிட்டு வர்றோம்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் கிளம்ப வேண்டும். பரிசுப் பைகளை இன்னொரு நாள் கொடுக்கலாம். யார் யார் காலமானார்கள் என்று புறப்படும் முன்பே போனில் கேட்டுக்கொள்வது இதற்காகவும்தான்.

கேள்வி: குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்க ஆசை. என்ன செய்ய வேண்டும்? பிடிமண் எடுத்து வந்து இங்குள்ள கோயிலில் வைக்கலாமா?
– தோட்டத்துக் கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர்

பதில்: முதலில் நாள். பல குலதெய்வக் கோயில்கள் தினமும் திறந்திருப்பதில்லை. வெள்ளி, செவ்வாய், அமாவாசை என்று பூசாரி வரும் நாளில்தான் நடை திறக்கும். தென்மாவட்டங்களில் மாசி மகாசிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள். ஒரே பயணத்தில் முழு வகையறாவையும் பார்க்க வேண்டுமானால் அந்த நாளுக்கு நிகர் வேறில்லை. ஆனால் நின்று பேச நேரம் கிடைக்காது. அதனால் முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பூசாரிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். நாற்பது பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் பிரசாதமாகக் கொடுக்க 2 கிலோ பச்சரிசி, அரைக் கிலோ பாசிப்பருப்பு, 3 முதல் 4 கிலோ வெல்லம், அரைக் கிலோ நெய் சரியாக இருக்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், மண் இருக்கும். அரிசி நன்றாகக் குழைந்த பிறகே பாகு சேர வேண்டும்; முன்பே ஊற்றினால் அரிசி வேகாமல் விறைத்துக்கொள்ளும். திறந்த வெளியில் காற்று அடிக்கும், விறகு கூடுதலாகச் செலவாகும்.

பலர் அறியாத ஒன்று வரி. கோயில் செலவுக்குப் பங்காளிகளிடம் தலைக்கட்டு வரி வாங்குவார்கள்; கல்யாணமான ஆண் ஒருவருக்கு ஒரு தலைக்கட்டு. பெரிய நன்கொடை கொடுத்து உங்கள் பெயரைக் கல்லில் பொறிக்கச் சொல்வதை விட, 'எங்க தாத்தா வழியில இத்தனை தலைக்கட்டு, வரியை எழுதிக்குங்க' என்று கேளுங்கள். நோட்டில் பெயர் ஏறிவிட்டால் நீங்கள் விருந்தாளி அல்ல, பங்காளி. அடுத்த திருவிழாவுக்குத் தகவல் தானாக வரும்.

பிடிமண் எடுப்பது நம் மரபுதான். இங்குள்ள பல முனீஸ்வரர், காளியம்மன் கோயில்களே அப்படி எழுந்தவை. ஆனால் இன்று மலேசியாவுக்குள் மண்ணைக் கொண்டுவருவதற்குத் தாவரத் தொற்றுத் தடுப்புச் சட்டப்படி அனுமதி தேவை. பெட்டியில் ஒளித்து வைத்துக் கொண்டுவந்து விமான நிலையத்தில் தொற்றுத் தடுப்பு அதிகாரிகளிடம் பறிகொடுப்பது சாமிக்கும் மரியாதை இல்லை. விபூதி, குங்குமம், சாமி காலடியில் வைத்து எடுத்த மஞ்சள் துணி ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். விதை, செடி, கறிவேப்பிலைக் கன்று ஆகியவற்றுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு.

கேள்வி: விசா எடுப்பதில் எங்கள் பெயரில் உள்ள 'ஏ/எல்' (மலாயில் 'இன்னாரின் மகன்' என்பதன் சுருக்கம்) குழப்பம் தருகிறது. உறவினர் வீட்டிலேயே தங்கலாமா?
– கல்லூரி மாணவர், ஈப்போ

பதில்: இந்திய அரசின் இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், தம்பி. தேடும்போது மேலே வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் விளம்பரங்கள். அரசு முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். சுற்றுலா இ-விசா 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று மூன்று வகை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதச் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். புறப்படக் குறைந்தது நான்கு நாள் முன்பாவது விண்ணப்பம் போய்விட வேண்டும். இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுவது நிம்மதி.

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே இருக்கட்டும். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாததால், முழுப் பெயரையும் இயற்பெயர்க் கட்டத்தில் எழுதுங்கள். சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால் அதை மட்டும் விட்டுவிடுங்கள். அப்பா பெயரை விட்டுவிடக் கூடாது. விமான டிக்கெட்டிலும் அதே வடிவம் வேண்டும். புகைப்படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். விண்ணப்பங்கள் அதிகமாகத் திரும்புவது மங்கலான படத்தாலும் நிழல் விழுந்த பாஸ்போர்ட் நகலாலும்தான்.

உறவினர் வீட்டில் தங்கலாம். ஆனால் வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால், இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். விடுதிகள் இதைத் தாமாகவே செய்துவிடும். கிராமத்தில் யாருக்கும் இது தெரியாது. தெரியாமல் விட்டால் சிக்கல் உங்களுக்கு அல்ல, சோறு போட்ட சொந்தக்காரருக்கு. ஆகையால் பக்கத்து நகரத்தில் விடுதியில் தங்கி, காலையில் போய் இரவு திரும்புவதையே பரிந்துரைக்கிறோம். சிறு வீட்டில் இருப்பவர்களுக்கு ஆறு பேர் வந்து படுப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: உறவினரைப் பார்த்த பிறகு நான்கு நாள் மிச்சம் இருக்கும். திருச்சியிலிருந்து எந்தச் சரித்திர இடங்களைப் பார்க்கலாம்? பிள்ளைகளுக்கு மலேசியாவோடு தொடர்புள்ளதாக இருந்தால் நல்லது.
– வாசகர், தைப்பிங்

பதில்: அருமையான கேள்வி. காவிரிக் கரையிலிருந்து கடற்கரை வரை ஒரே கோட்டில் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன.

முதல் நாள் தஞ்சாவூர். திருச்சியிலிருந்து 60 கிலோமீட்டருக்குள். காலை 7 மணிக்குள் பெரிய கோயிலில் இருங்கள். 9 மணிக்கு மேல் கல்தரை சுடும். காலணியை வெளியே விட்ட பிறகு பிள்ளைகள் நடக்க மாட்டார்கள். இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சிக்குப் பொன் தகடு போர்த்திய கலசம் கொடுத்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. அவன் மகன் இராசேந்திரன் 1025 வாக்கில் கடல் கடந்து படையெடுத்து வென்ற இடங்களின் பட்டியலும் இந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அதில் வரும் கடாரம் நம் கெடா. அங்கே பழங்கோயில் எச்சங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கைப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே காட்டியிருந்தால், இந்தச் சுவரின் முன் நிற்கும்போது அவர்களுக்கே புரியும். 'கோபுர நிழல் தரையில் விழாது' என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்ப வேண்டாம். மாலை வெயிலில் நிழல் தரையில் நீண்டு கிடப்பதை நீங்களே பார்க்கலாம்.

அன்று இரவு கும்பகோணம். வழியிலேயே, ஊருக்குச் சற்று முன்னால் தாராசுரம். மாலை 4 மணிக்கு நடை திறந்ததும் போனால் சிற்பங்களின் மீது சாய்ந்த வெளிச்சம் விழும். இரண்டாம் நாள் காலை கங்கைகொண்ட சோழபுரம், ஏறக்குறைய 35 கிலோமீட்டர். கடாரம் கொண்டவன் கட்டிய தலைநகரம் இதுதான். வடக்கு வாயில் அருகே சிவபெருமான் சண்டிகேசருக்கு முடிசூட்டும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் தோண்டியெடுக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான பயணக் கூட்டங்கள் அங்கே போவதில்லை, நீங்கள் போங்கள்.

மூன்றாம் நாள் மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அங்கிருந்து தெற்கே நாகப்பட்டினம். கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன், இராசராசன் காலத்தில் தன் தந்தை பெயரில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை இங்கே எழுப்பினான். ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்குச் சோழன் எழுதிக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை அந்தத் தானத்தின் பத்திரங்களே. விகாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது; அதனால் போய்ப் பார்க்கக் கட்டடம் இல்லை. ஆனாலும் போங்கள். நம் முன்னோரில் பெரும் பகுதியினர் கப்பலேறிய துறைமுகமும் அதுவே. இங்கிருந்து அங்கே போய் ஒரு மன்னன் பள்ளி கட்டியதும், பிற்காலத்தில் அங்கிருந்து கூலிகளாக நம்மவர் புறப்பட்டதும் ஒரே கரையில் நடந்தவை. அதைச் சொல்லிக் கொடுக்கக் கடற்கரை போதும். பக்கத்தில் நாகூர் தர்கா. பினாங்கு சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவின் மூலம் அது. நான்காம் நாள் திருச்சி திரும்ப ஏறத்தாழ 140 கிலோமீட்டர்.

கோயில்கள் பகல் 12, 12.30 மணிக்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தைப் பயணத்துக்கு வையுங்கள். அரைக்கால் சட்டை வேண்டாம். மே மாத அக்கினி நட்சத்திர வெயிலையும், அக்டோபர் பின்பகுதி முதல் டிசம்பர் வரையிலான டெல்டா மழையையும் தவிர்த்தால், ஜனவரியும் பிப்ரவரியும் மிக நல்ல மாதங்கள்.

கேள்வி: வாடகைக் கார் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மஞ்சள் நம்பர் பலகை உள்ள வண்டி மட்டும். வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்கானது; விபத்து என்றால் காப்பீடு கைவிடும். வாடகை கிலோமீட்டர் கணக்கு; பெரும்பாலும் நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று போடுவார்கள், நீங்கள் 80 ஓடினாலும் சரி. கிராமத்தில் உறவினர் வீடுகளைச் சுற்றும் நாளுக்கு இது நட்டம். அன்றைக்கு மட்டும் உள்ளூர் வண்டியை மணிக் கணக்கில் பேசுங்கள். டிரைவர் பேட்டா (தினப்படி), சுங்கக் கட்டணம், பார்க்கிங், கிலோமீட்டர் ஷெட்டிலிருந்தே (வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தே) எண்ணப்படுமா என்ற நான்கையும் முன்பே கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கிராமச் சாலையில் 30 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

கேள்வி: அம்மாவிடம் பழைய இந்திய நோட்டுகள் இருக்கின்றன. செல்லுமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, ஈப்போ

பதில்: 2016 நவம்பருக்கு முந்தைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. 2000 ரூபாய் நோட்டு 2023இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கடையில் வாங்க மாட்டார்கள். ரிங்கிட்டைத் திருச்சியில் மாற்றுவது எளிது. இந்தியப் பிளக் உருண்டைக் கால் உடையது, அடாப்டர் வேண்டும். மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை. பிள்ளைகளிடம் சொல்லி வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். நகை குறைவாகப் போடுங்கள், சுங்கத்தில் கேள்வி வரும். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, கைப்பையில்.

கேள்வி: அடிக்கடி போய்வர ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) எடுக்கலாம் என்கிறார்கள். எங்களுக்குக் கிடைக்குமா?
– ஓய்வு பெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று காட்ட முடிந்தால் விண்ணப்பிக்கலாம், ஐயா. அது குடியுரிமை அல்ல, ஆயுட்கால விசா. ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. தொல்லியல் துறையின் கட்டண இடங்களில் இந்தியர்களுக்கான கட்டணமே கட்டினால் போதும்.

தடை வருவது தாத்தாவின் இந்தியப் பிறப்பை நிரூபிப்பதில். உங்கள் சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) அப்பா பெயர், அப்பாவுடையதில் தாத்தா பெயர், தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டில் இந்திய ஊர் என்று சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். இடையில் ஒரு பத்திரத்தில் எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால் 'இருவரும் ஒருவரே' என்று சூராட் சும்பா (சத்தியப் பிரமாணப் பத்திரம்) எடுத்து இணைக்க வேண்டியிருக்கும். தாத்தாவின் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை), பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றின் மூலப் பத்திரத்தையும் ஒரே வீட்டில் வைத்து, நகல்களை உடன்பிறந்தவர்கள் எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள் தனித்தனியாக விண்ணப்பிக்கும்போது எல்லோருக்கும் அதே தாள்கள்தான் தேவைப்படும்.